மாட்டுக்குப் போட்ட ஊசியும் மனிதனுக்குக் கேட்காத மருந்தும்

மதுரையில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் மாலை ஏழு மணிக்குக் கால் மணி நேரம் நின்றால் போதும், இந்த உரையாடலைக் கேட்டுவிடலாம்.

"அண்ணே, இரண்டு நாளாகக் காய்ச்சல், தொண்டை கட்டியிருக்கிறது. நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டும்."

"சளி இருக்கிறதா தம்பி?"

"இருக்கிறது அண்ணே."

"சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். மூன்று நாளில் சரியாகிவிடும்."

மூன்று பாரசிட்டமால், மூன்று அசித்ரோமைசின். கத்தரிக்கோல் அட்டையின் குறுக்கே போகிறது. மருந்தின் பெயரில் பாதி கடையில் தங்கிவிடுகிறது, மீதிப் பாதி தம்பியின் சட்டைப் பைக்குள் போகிறது. அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் இதை வாங்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

அதே நேரத்தில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கறவை மாட்டுக்கு மடி வீங்கியிருக்கும். மருத்துவர் வர நேரமாகும் என்று ஊசி போடத் தெரிந்த ஒருவரை அழைத்திருப்பார்கள். அவர் பையிலிருந்து எடுக்கும் மருந்து, பெரும்பாலும் நம் மருத்துவமனைகளில் நிமோனியாவுக்கும் டைபாய்டுக்கும் போடும் செப்ட்ரியாக்சோனாகவோ அதன் உறவாகவோ இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கறிக்கோழிப் பண்ணையில், குஞ்சுகள் வாடியிருக்கின்றன என்று குடிதண்ணீரில் ஒரு பொடியைக் கலக்கிக்கொண்டிருப்பார்கள். அதுவும், அசித்ரோமைசினையும் செப்ட்ரியாக்சோனையும் போல, பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக்தான்.

மூன்று இடங்களில் மூன்று காரியங்கள். முதலாவது மக்கள் நல்வாழ்வுத் துறையின் கவலை, இரண்டாவதும் மூன்றாவதும் கால்நடை பராமரிப்புத் துறையின் கவலை. மூன்றுக்கும் மருந்து விற்ற கடைகள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. அந்தப் பாலையும் கறியையும் சோதிக்க வேண்டியது உணவுப் பாதுகாப்புத் துறை. எல்லாக் கழிவும் போய்ச் சேரும் வாய்க்கால் மாநகராட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உரியது. கிருமிக்கு மட்டும் இந்தத் துறை எல்லைகள் எதுவும் கிடையாது. கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும் மருந்து எதிர்ப்பு என்ற சிக்கலையும், அதற்கு ஏன் எல்லாத் துறைகளும் சேர்ந்து கொள்கை வகுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கிருமி எப்படித் தப்பிக்கிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஓரம் கட்டிவிடலாம். "அடிக்கடி மாத்திரை போட்டு உடம்பு பழகிவிட்டது, இனி இது கேட்காது" என்று பலர் சொல்வார்கள். இங்கே பழகியது உடம்பு அல்ல, உடம்புக்குள் இருக்கும் பாக்டீரியா. அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கையும் தொடாத பச்சைக் குழந்தைக்குக்கூட, மருந்து கேட்காத கிருமி தொற்றிக்கொள்ள முடிகிறது.

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை பெருகும்போது மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் நேர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் ஏதோ ஒரு பிழை, தற்செயலாக, ஒரு மருந்திலிருந்து தப்பிக்க உதவலாம். மருந்து இல்லாதவரை அதனால் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெரிய ஆதாயம் இல்லை, கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும். மருந்து உள்ளே வந்ததும் மற்றவை சாகின்றன, இது மட்டும் பிழைக்கிறது. போட்டிக்கு ஆள் இல்லை, உணவுக்கும் குறைவில்லை. ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தடையே இல்லாவிட்டால் ஒன்று பத்து மணி நேரத்தில் நூறு கோடியைத் தாண்டிவிடும்.

தப்பிக்கும் வழிகளும் பல. சில பாக்டீரியாக்கள் மருந்தை உடைக்கும் நொதியைச் சுரக்கின்றன. சில, உள்ளே வந்த மருந்தை உடனே வெளியே இறைத்துவிடுகின்றன. சில, மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. ஆனால் கொள்கை வகுப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வேறொன்று. இந்தத் திறனுக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. பாக்டீரியா அந்த வளையத்தைத் தன் சந்ததிக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். கோழிக் குடலில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்த ஒரு பாக்டீரியாவின் திறமை, மனிதனின் ரத்தத்தில் நஞ்சேற்றும் இன்னொன்றுக்குப் போய்விட முடியும். மனித மருத்துவத்தையும் கால்நடை மருத்துவத்தையும் தனித்தனிப் பிரச்சினைகளாக வைத்துக்கொள்ள முடியாததற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இது நேற்று தெரிய வந்த சேதி அல்ல. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவில் மருந்தைப் போட்டுப் போட்டுக் கிருமியைப் பழக்கிவிடாதீர்கள் என்று எச்சரித்தார்.

சாதாரண சளிக்கும் பெரும்பாலான காய்ச்சலுக்கும் காரணம் வைரஸ். அதன்மேல் ஆன்டிபயாடிக்குக்கு எந்த அதிகாரமும் கிடையாது. மூன்று நாளில் தம்பிக்குக் குணமானால் பெயர் அசித்ரோமைசினுக்குப் போகும். உண்மையில் அவர் ஒரு கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருந்தாலும் அதே மூன்று நாள்தான் ஆகியிருக்கும். சாப்பிட்ட மாத்திரை சும்மா இருந்திருக்காது. அவருடைய குடலில் பலவீனமான பாக்டீரியாக்களைக் கொன்று, முரடர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கும்.

பாதிப்பின் அளவுக்கு ஓர் எண்: 2019ஆம் ஆண்டில் மருந்து எதிர்ப்புப் பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அவை ஏதோ ஒரு வகையில் பங்கேற்ற மரணங்கள் 49.5 லட்சம். நம் நாடு இதில் வேடிக்கை பார்க்கும் இடத்தில் இல்லை. கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பபெனம் வகை மருந்துகளையே உடைக்கும் என்டிஎம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்ற நொதியைப் பற்றி உலகம் முழுதும் பேசவைத்த 2010ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்தப் பெயருக்குள் புதுடெல்லி ஒளிந்திருக்கிறது என்று அரசியல்வாதிகள் கோபப்பட்டார்கள். கட்டுரையில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன என்பது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

மடி வீங்கினால்

கால்நடைப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நகரத்து வாசகர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உலகில் விற்கப்படும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக, அதாவது 73%, உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கே போகிறது என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு மதிப்பீடு சொல்கிறது.

விலங்குகளுக்கு மருந்து கொடுப்பதில் மூன்று வகை உண்டு. நோய் வந்த மாட்டுக்குச் சிகிச்சை. யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை, வலியில் துடிக்கும் வாயில்லா ஜீவனை விட்டுவிடச் சொல்லும் கொள்கை கொள்கையே அல்ல. இரண்டாவது, ஒரு கோழிக்கு வந்தால் ஐயாயிரத்துக்கும் வந்துவிடுமே என்று முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் தண்ணீரில் கலந்து கொடுப்பது. மூன்றாவது, நோயே இல்லாமல், சீக்கிரம் எடை கூடட்டும் என்று தீவனத்தில் மிகச் சிறிய அளவில் நாள்தோறும் சேர்ப்பது. பிளெமிங் எச்சரித்தது எதையோ, அதையே திட்டமிட்டுச் செய்வது இந்த மூன்றாவது வகை. குறைந்த அளவு, நீண்ட நாள், பெருங்கூட்டம்: கிருமிக்குப் பயிற்சி கொடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேண்டுமா?

கறிக்கோழி வளர்ப்பு நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒப்பந்த முறையில் நடக்கிறது. ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையவை. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். ஆறு வாரத்துக்குள் கோழியை எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி தரும். இந்த ஏற்பாட்டில் தீவன மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று விவசாயிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே எழுவதில்லை. ஆகவே "விவசாயிகளே, ஆன்டிபயாடிக்கைத் தவிருங்கள்" என்று சுவரொட்டி ஒட்டுவது தவறான வீட்டுக் கதவைத் தட்டுவதாகும். அங்கே கொள்கை பேச வேண்டியது தீவன ஆலையோடு.

பால் மாடு வேறு கதை. அங்கே முடிவெடுப்பவர் வீட்டிலேயே இருக்கிறார், பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாதான். விடிகாலை கறக்க உட்காரும்போது ஒரு காம்பு மட்டும் சூடாக இருக்கிறது, மாடு உதைக்கிறது, பால் திரிதிரியாக வருகிறது. மடிநோய். ஊசி போட்டாகிவிட்டது. இனி என்ன? போட்ட மருந்து சில நாள் பாலில் வந்துகொண்டிருக்கும். மருந்து உடலிலிருந்து வெளியேறும்வரை பாலையோ கறியையோ விற்கக் கூடாது என்ற காலத்தைக் கால்நடை மருந்தின் அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று 2012இல் இந்திய மருந்து விதிகள் திருத்தப்பட்டன. அந்த மருந்துக்குத் தனியாகக் காலம் குறிக்கப்படவில்லை என்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கறிக்கு 28 நாள்.

ஏழு நாள். நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் மாடு என்றால் எழுபது லிட்டர் பாலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டும். தீவனச் செலவும் மருத்துவச் செலவும் தனி. பால் சங்கத்தில் விலையைத் தீர்மானிப்பது கொழுப்பும் கொழுப்பற்ற இதர சத்தும். மருந்து எச்சம் அந்த விலைக் கணக்கில் எங்கும் வருவதில்லை. ஊற்றியவருக்கு இழப்பு, ஊற்றாமல் கேனில் சேர்த்தவருக்கு வழக்கமான பணம். நேர்மைக்கு அபராதம் விதிக்கும் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு விழிப்புணர்வு முகாம் நடத்தி என்ன பயன்? எச்சம் கலந்த பாலைக் காய்ச்சினாலும் பல மருந்துகள் முழுவதுமாக அழிவதில்லை. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது, ஏனெனில் உறையில் இருப்பதும் பாக்டீரியாதான். தயிர் உறையவில்லை என்று மருமகள் திட்டு வாங்கும் வீடுகளில் எத்தனையில் குற்றவாளி மாட்டுத் தொழுவத்தில் இருந்திருப்பானோ!

இதற்கு ஒரு நல்ல பதில் நம் பக்கத்திலேயே உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பாரம்பரிய மூலிகை மருத்துவத்தை ஆராய்ந்து பரப்பிவருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் செங்காவி நிறத்தில் ஒரு களிம்பு வரும். மடியைக் கழுவி, பாலை முழுக்கப் பீய்ச்சி வெளியேற்றிவிட்டு, அந்தக் களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து ஒரு நாளில் பலமுறை பூச வேண்டும். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இதை நாடு முழுக்க எடுத்துச் சென்றிருக்கிறது. எல்லா மடிநோய்க்கும் இது தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். மாட்டுக்குக் காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல், மடி கல்லாகிவிட்டால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்; 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். ஆனால் ஆரம்பக் கட்டத்தில் களிம்பால் தீர்ந்துபோகும் ஒவ்வொரு மடியும், போடாமல் தப்பித்த ஓர் ஊசி.

ஆற்றுக்குள்

ஆழ்வார்புரம் பக்கம் வைகைக்குள் இறங்கிப் பார்த்தால், அழகர் இறங்காத நாட்களில் தெரிவது வேறு காட்சி. வடிகாலின் வாய், ஆகாயத்தாமரை, கழுத்துவரை அமிழ்ந்த எருமைகள், அவற்றின் முதுகில் கொக்கு. நாம் சாப்பிடும் ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு மாறாமலேயே சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுகிறது. வீட்டுக் கழிவு, மருத்துவமனைக் கழிவு, இறைச்சிக் கழிவு எல்லாம் சந்திக்கும் இடத்தில் மருந்தும் பாக்டீரியாவும் பிளாஸ்மிட்டும் சேர்ந்தே இருக்கின்றன. அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் இத்தகைய நிலையங்கள், எங்கே கட்டப்பட்டவையானாலும், எதிர்ப்பு மரபணுக்களை நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

மருந்து ஆலைக் கழிவைப் பற்றி ஒரு வருத்தமான சேதியும் உண்டு. ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதிக்கும் வரைவை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021இல் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த வரம்புகள் அதில் இல்லை. மருத்துவமனையில் ஒரு மருத்துவர் யோசித்து யோசித்து ஒரு மாத்திரையைக் குறைக்கும்போது, ஆலைக் குழாயில் டன் கணக்கில் போவதற்கு அளவுகோலே இல்லை என்றால் அந்த மருத்துவருக்கு நாம் என்ன சொல்வது?

ஒரு மடையை மட்டும் அடைத்தால்

மேலூர்ப் பக்கத்து விவசாயியிடம், கண்மாயில் மூன்று மடை இருக்க ஒன்றை மட்டும் அடைத்துவிட்டுத் தண்ணீர் நிற்கும் என்று சொன்னால் சிரிப்பார். மருந்துக் கொள்கையில் அதைத்தான் உலகம் பலமுறை செய்து பார்த்திருக்கிறது.

டென்மார்க் 1995இல் அவோபார்சின் என்ற வளர்ச்சி ஊக்கியை, அதாவது எடை கூடத் தீவனத்தில் சேர்க்கும் ஆன்டிபயாடிக்கை, தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக இருந்த வான்கோமைசினுக்கு நெருங்கிய உறவு அது. கோழிகளில் எதிர்ப்புப் பாக்டீரியாக்கள் மளமளவென்று குறைந்தன. பன்றிகளில் மட்டும் அசையவே இல்லை. காரணத்தைத் தோண்டினால், பன்றிகளுக்கு டைலோசின் என்ற முற்றிலும் வேறொரு மருந்து தொடர்ந்து கொடுக்கப்பட்டுவந்தது. இரண்டு மருந்துகளுக்கும் எதிர்ப்புத் தரும் மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே டைலோசின் கொடுத்தால் அவோபார்சின் எதிர்ப்பும் கூடவே பிழைத்துக்கொண்டது. 1998இல் டைலோசின் பயன்பாடு குறைந்த பிறகே பன்றிகளிலும் அது இறங்கியது. ஒற்றை மருந்தைத் தடை செய்துவிட்டு வெற்றி விழா கொண்டாடக் கூடாது என்று உலகம் கற்றுக்கொண்ட இடம் இது. டென்மார்க் செய்த இன்னொரு காரியம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. மருந்து விற்பதில் கால்நடை மருத்துவர் பார்க்கும் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். எழுதிக் கொடுப்பவருக்கே விற்பனையில் பங்கு இருந்தால் எழுத்து நீண்டுகொண்டே போகும், அது எந்த நாட்டிலும் அப்படித்தான்.

கொலிஸ்டின் கதையில் நம் நாடும் வருகிறது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று மனித மருத்துவம் ஓரங்கட்டிய பழைய மருந்து அது. மற்ற எதுவும் கேட்காத தொற்றுகள் பெருகியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வேறு வழியின்றி அதைத் தூசி தட்டி எடுத்தன. அதே காலத்தில் பல நாடுகளில் டன் கணக்கில் அது தீவனத்தில் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2015இல் சீனாவில், பிளாஸ்மிட்டில் ஏறித் தாவக்கூடிய கொலிஸ்டின் எதிர்ப்பு மரபணுவைப் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் கண்டார்கள். 2017இல் சீனா அதை வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பன்றிகளிலிருந்து எடுத்த ஈ.கோலைகளில் 2015-16இல் 34% ஆக இருந்த கொலிஸ்டின் எதிர்ப்பு, 2017-18இல் 5% அளவுக்கு இறங்கியது. மருத்துவமனைக்கு வந்த மனிதர்களின் குடலிலும் அந்த மரபணு குறைந்தது. பண்ணையில் எடுத்த முடிவின் பலன் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

தடை காகிதத்தில் போட்டால் போதுமா? வேறொரு மருந்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். அது ஆன்டிபயாடிக் அல்ல, வலிநிவாரணி. டைக்ளோபெனாக் போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்ததால், 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கு அது சட்டப்படி கிடைத்துக்கொண்டே இருந்தது, அதுவும் மாட்டுக்குப் போட வசதியான பெரிய குப்பிகளில். குப்பி அப்படியே தொழுவத்துக்குப் போனது. மனிதர்களுக்கான ஊசிக் குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக் கூடாது என்று ஆணை வந்தது 2015இல்தான். ஒன்பது ஆண்டு, இரண்டு துறைகளின் விதிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள. நம் செப்ட்ரியாக்சோனும் இதே பாதையில்தான் நடந்துகொண்டிருக்கிறது.

யார் கையில் என்ன இருக்கிறது

மனித மருத்துவத்தில் இந்தியாவுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஆன்டிபயாடிக் அனைத்துமே சீட்டுடன் விற்க வேண்டிய மருந்துகள். அவற்றில் சக்தி வாய்ந்த பலவற்றை எச்1 என்ற தனிப் பட்டியலில் சேர்த்து 2014 மார்ச்சிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். அந்தப் பட்டியலிலுள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள் என்ற பிரச்சாரம் 2016இல் வந்தது. நடைமுறையில் ஓட்டை எங்கே என்பதற்குத் தொடக்கத்தில் பார்த்த மருந்துக்கடையே சாட்சி. கடைக்காரரை மட்டும் குறை சொல்வது சுலபம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாத தொழிலாளிக்கு அந்தக் கடைதான் மருத்துவமனை. மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், பதிவேட்டைத் திறந்து பார்க்கும் மருந்து ஆய்வாளரைவிடக் குறைவான வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

கேரளம் 2018இல் தனக்கென்று மாநிலச் செயல்திட்டம் வகுத்தது, இந்தியாவில் அதுவே முதல். 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டிடம் வேறொரு பலமான கருவி இருக்கிறது: 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை மொத்தமாக வாங்குவது அதுதான். உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் கொடுக்கத் தக்கவை, கவனத்துடன் கொடுக்க வேண்டியவை, கடைசி வரை ஒதுக்கி வைக்க வேண்டியவை. எதை எவ்வளவு வாங்குவது, எந்த மருத்துவமனைக்கு எவ்வளவு அனுப்புவது என்பதை இந்தப் பிரிவின்படி அமைத்தால், தனித்தனி மருத்துவரிடம் கெஞ்ச வேண்டியது பாதி குறையும். உலகில் பயன்படுத்தும் ஆன்டிபயாடிக்கில் குறைந்தது 70% முதல் வகையாக இருக்க வேண்டும் என்பதே 2030க்கு ஐ.நா. 2024 செப்டம்பரில் ஏற்ற இலக்குகளில் ஒன்று.

சோதனைக்கூடமும் அப்படித்தான். எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் மருத்துவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்றைத் தொடங்கத்தான் வேண்டும். ஊரில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எவ்வளவு கேட்கிறது என்ற பட்டியல் கையில் இருந்தால் அந்தக் கட்டு கொஞ்சம் தளரும். மனிதர்களிடமிருந்து எடுத்த மாதிரிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வலையமைப்பு 2013 முதல் கண்காணித்துவருகிறது. மீன், கால்நடை மாதிரிகளுக்கு வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் கீழ் இன்னொரு வலையமைப்பு. இரண்டும் ஒரே அளவுகோலில் சோதித்து, ஒரே அட்டவணையில் போட்டால்தான் ராஜாஜி அரசு மருத்துவமனையில் தெரியும் கிருமிக்கும் திருமங்கலத்துத் தொழுவத்தில் தெரியும் கிருமிக்கும் உறவு உண்டா என்று சொல்ல முடியும்.

தேவையையே குறைக்கும் வேலைகளும் இருக்கின்றன, அவற்றுக்கு மேடையில் கைதட்டல் கிடைப்பதில்லை. தடுப்பூசி போட்ட ஆட்டுக்குட்டிக்கு நோய் வராவிட்டால், நோயை ஒட்டி வரும் தொற்றுக்கான ஆன்டிபயாடிக் ஊசியும் தேவைப்படாது. நல்ல குடிநீர் வரும் தெருவில் டைபாய்டு குறையும், டைபாய்டு குறைந்தால் செப்ட்ரியாக்சோன் குறையும். குழாய் பதிப்பவரும் மருந்து எதிர்ப்புக் கொள்கையில் ஓர் ஊழியர்தான்.

இந்தியாவின் முதல் தேசியச் செயல்திட்டம் 2017இல் வந்தது, 2025-29க்கான இரண்டாவது திட்டம் 2025 நவம்பரில் வெளியானது. டெல்லியில் பல அமைச்சகங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து வகுத்தவை இவை. ஆனால் கால்நடையும் பொது சுகாதாரமும் நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஊசி போடப்படுவது கிராமத்தில், பதிவேடு இருப்பது மருந்துக்கடையில், கழிவு ஓடுவது வாய்க்காலில். ஆகவே சேர்ந்து செயல்படுவது என்பது கடைசியில் மாவட்ட அளவிலேயே நடந்தாக வேண்டும்.

அதற்குப் புதிதாக ஓர் ஆணையமும் அதற்கொரு கட்டடமும் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறது. வேளாண்மை, கூட்டுறவு, கால்நடை என்று பல துறை அதிகாரிகள் அங்கே வருகிறார்கள். மருந்து போட்ட மாட்டின் பாலைச் சங்கம் தனியாக வாங்கி, அதற்கும் ஒரு தொகை கொடுத்து அழிக்க முடியுமா என்ற கேள்வியை அங்கேயே கேட்கலாம். சென்ற மாதம் எந்த ஒன்றியத்தில் எவ்வளவு செப்ட்ரியாக்சோன் விற்றது என்று எச்1 பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல மருந்து ஆய்வாளருக்கு அங்கே ஒரு நாற்காலி, எந்த மருந்து கேட்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்ல மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறைக்கு இன்னொரு நாற்காலி. மேசை ஏற்கெனவே போட்டிருக்கிறது.